நானூறு பேருடன் வருகிற அண்ணன்

 

இன்று மாலை நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் பயம். எல்லாப் பயத்தையும் பற்றிப் பேச ஒரு மாலைப்பொழுது போதாது. பாம்பைக் கண்டால் வருகிற பயம் ஒன்று. கிடப்பது பாம்பா, கயிறா என்று தெரியாத இருட்டில் வருகிற பயம் இன்னொன்று. முதல் பயத்துக்குக் கால்கள் பதில் சொல்லிவிடும், ஓடிவிடலாம். இரண்டாவது பயத்தில் நிற்கவும் முடியாது, ஓடவும் முடியாது. அந்த இரண்டாவது பயத்தில் ஓர் இரவு முழுக்கக் கழித்த ஒரு மனிதனைத்தான் இன்று உங்கள் முன் கொண்டுவந்து நிறுத்தப் போகிறேன். அவன் பெயர் யாக்கோபு. இடம், எபிரேய வேதத்தின் முதல் நூலாகிய ஆதியாகமம், 32ஆம் அதிகாரம்.

கதை உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஈசாக்குக்கு இரட்டைப் பிள்ளைகள். மூத்தவன் ஏசா, வேட்டைக்காரன், உடம்பெல்லாம் ரோமம். இளையவன் யாக்கோபு, கூடாரத்தில் இருப்பவன். தகப்பனுக்குக் கண் மங்கிவிட்டது. மூத்த மகனுக்கு ஆசி கொடுக்க வேண்டிய நாளில், தாய் ரெபேக்காள் சொல்லிக் கொடுத்தபடி, இளையவன் ஆட்டுத் தோலைக் கையிலும் கழுத்திலும் சுற்றிக்கொண்டு தகப்பன் முன்னால் போய் நிற்கிறான். நீ யார் என்று கிழவர் கேட்கிறார். நான்தான் ஏசா, உங்கள் மூத்த மகன் என்கிறான். ஆசியை வாங்கிக்கொண்டு போய்விடுகிறான்.

வேட்டையிலிருந்து திரும்பி வந்த ஏசா சத்தமிட்டு அழுகிறான். பிறகு மனத்துக்குள் ஒரு நாள் குறிக்கிறான். அப்பா இறந்து நாம் துக்கம் கொண்டாடும் நாட்கள் வரட்டும், அப்போது தம்பியைக் கொல்வேன் என்று. இந்த நாளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பேசி முடிக்கும்போது இதற்குத் திரும்பி வருவேன்.

தாய் பயந்துபோய் இளையவனைத் தன் சகோதரன் லாபான் வீட்டுக்கு, ஆரானுக்கு அனுப்புகிறாள். சில நாள் இருந்துவிட்டு வா, கோபம் ஆறட்டும் என்கிறாள். அந்தச் சில நாள் 20 வருடம் ஆயிற்று. தாயும் மகனும் மறுபடி பார்த்துக்கொண்டதாக வேதத்தில் ஒரு வரிகூட இல்லை.

இருபது வருடம் கழித்து யாக்கோபு ஊர் திரும்புகிறான். மனைவிகள், பிள்ளைகள், வேலையாட்கள், மந்தைகள் எல்லாம் உடன் வருகின்றன. வருகிறபோதே ஏசாவுக்கு ஆள் அனுப்புகிறான். அண்ணனைத் தன் ஆண்டவன் என்றும் தன்னை அடியான் என்றும் சொல்லி, தயவு கேட்டு அனுப்புகிறான். போனவர்கள் திரும்பி வருகிறார்கள். வந்து என்ன சொன்னார்கள்? உங்கள் அண்ணனிடம் போனோம். அவரும் உங்களைச் சந்திக்க வந்துகொண்டிருக்கிறார். கூட 400 பேர் வருகிறார்கள். அவ்வளவுதான்!

நண்பர்களே, இந்தச் செய்தியில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் வேண்டியது எதுவும் இதில் இல்லையே! அண்ணன் முகம் எப்படி இருந்தது? தம்பி பெயரைக் கேட்டதும் என்ன சொன்னான்? அந்த 400 பேர் கையில் என்ன இருந்தது? அடியான் என்று சொல்லி அனுப்பினேனே, அதற்கு ஒரு பதிலாவது உண்டா? ஒன்றும் இல்லை. சந்திக்க வருகிறான் என்பதற்கு மூலத்தில் இருக்கும் எபிரேயச் சொல் விருந்தாளியை எதிர்கொண்டு அழைக்கப் போவதற்கும் வரும், எதிரியைப் போரில் எதிர்கொள்ளப் போவதற்கும் வரும். கட்டித் தழுவ வருகிறானா, வெட்டிப் போட வருகிறானா? சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு முடிவுக்கும் வர முடியாது.

எண்ணிக்கையாவது ஆறுதல் தருகிறதா? யாக்கோபின் பாட்டனார் ஆபிரகாம், சிறைபிடிக்கப்பட்ட லோத்துவை மீட்கப் போனபோது அவரோடு போனவர்கள் 318 பேர். அந்த 318 பேரை வைத்துக்கொண்டு அரசர்களையே துரத்தினார் என்கிறது வேதம். பிற்காலத்தில் தாவீது தலைமறைவாக இருந்தபோது அதுல்லாம் குகையில் அவனோடு சேர்ந்தவர்கள் சுமார் 400 பேர். நாபால் என்ற பணக்காரனைத் தண்டிக்க வாளோடு அவன் புறப்பட்டபோது கூடப் போனவர்களும் 400 பேர். ஆக, எபிரேயக் கதை கேட்டு வளர்ந்தவன் காதில் 400 பேர் என்று விழுந்தால், ஊர்வலம் நினைவுக்கு வராது. படைதான் நினைவுக்கு வரும்.

செய்தி முழுதும் தெரியுமுன் வருகிற பயம் நமக்கும் புதிதல்ல. 2013ஆம் ஆண்டோடு நம் நாட்டில் தந்தி நின்றுபோயிற்று. இங்கே இருக்கிற பெரியவர்களுக்குத் தந்தி தெரியும். தந்திக்காரர் சைக்கிளை வாசலில் நிறுத்துவார். உறையைப் பிரிப்பதற்கு முன்னாலேயே உள்ளே அழுகை தொடங்கிவிடும். பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று இருக்கும். வேலை கிடைத்திருக்கிறது என்றும் இருக்கும். ஆனாலும் அழுகைதான் முதலில் வரும். ஏன்? தெரியாத இடத்தை மனம் காலியாக விட்டுவைப்பதில்லை. அங்கே தன்னிடம் இருக்கிற மிக மோசமான படத்தைக் கொண்டுவந்து மாட்டிவிடுகிறது. யாக்கோபிடம் இருந்த படம் 20 வருடத்துக்கு முன் எடுத்தது. அழுது சிவந்த கண்ணோடு நிற்கும் அண்ணன் படம் அது. அந்தப் படத்தைப் பக்கத்தில் 400 பேரோடு சேர்த்து மாட்டிப் பாருங்கள்!

இப்போது வசனத்துக்கு வருகிறேன். யாக்கோபு பயந்தான் என்று மட்டும் சொல்லி எழுதியவர் நிறுத்தவில்லை. இரண்டு வினைச்சொற்களைப் போடுகிறார். நம் பழைய தமிழ் வேதாகமம் பயம் என்றும் வியாகுலம் என்றும் அந்த இரண்டையும் கொடுக்கிறது. எபிரேயத்தில் முதல் சொல் 'வயீரா', பயந்தான். இரண்டாவது 'வயேட்செர் லோ'. இதன் வேர் 'ட்சர்'. ட்சர் என்றால் குறுகலானது, ஒடுங்கியது. அவனுக்கு இடம் குறுகிற்று, நாலு பக்கமும் நெருங்கிற்று என்பது பொருள். தமிழும் இந்த இடத்தில் இதே வழியில்தான் நடக்கிறது. துன்பம் முற்றினால் நாம் நெருக்கடி என்கிறோம். மூச்சு முட்டுகிறது என்கிறோம். பயம் ஒருவனை என்ன செய்கிறது என்று கேட்டால், எபிரேயம் சொல்கிறது, தமிழும் சொல்கிறது: இடத்தைச் சுருக்கிவிடுகிறது.

ஏன் இரண்டு சொல்? ஒன்று போதாதா? இந்தக் கேள்வியை யூத அறிஞர்கள் ஆயிரம் வருடங்களுக்கும் மேலாகக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுள் தலையாயவர் ரஷி. பிரான்சு நாட்டின் துருவா நகரில் வாழ்ந்தவர். காலம் 1040 முதல் 1105 வரை. பழைய மித்ராஷ் உரை ஒன்றிலிருந்து எடுத்து அவர் கொடுக்கிற விளக்கம் இது: தான் கொல்லப்பட்டுவிடுவோமோ என்று யாக்கோபு பயந்தான், தான் பிறரைக் கொன்றுவிடுவோமோ என்று நெருக்குண்டான்.

இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். உயிர்ப் பயம் ஆட்டுக்கும் உண்டு, மாட்டுக்கும் உண்டு. அந்தப் பயத்தில் நான் என்ன செய்துவிடுவேனோ என்று தன்னைப் பார்த்தே அஞ்சுவது மனிதனுக்கு மட்டும் உண்டு. எதிரே வருகிறவன் 400 பேரோடு வருகிறான். கழுத்துக்குக் கத்தி வந்துவிட்டதோ என்று தெரியாத நேரம். அந்த நேரத்திலும் தன் கையிலிருக்கும் கத்தியைப் பற்றி ஒருவன் கலங்கினான் என்று படித்தவர் ரஷி. அவர் யார் தெரியுமா? இளமையில் ரைன் ஆற்றங்கரை நகரங்களான வோர்ம்ஸிலும் மைன்ஸிலும் படித்தவர். 1096ஆம் ஆண்டு முதல் சிலுவைப்போரின்போது அந்த இரண்டு நகரங்களிலும் யூதர்கள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே அது நடந்தது. கொல்லப்படுகிற சமூகத்தின் ஆசிரியர் எழுதிய உரையில், கொன்றுவிடுவேனோ என்ற அச்சத்துக்கு இடம் இருக்கிறது. எனக்குத் தெரிந்து இந்த அதிகாரத்துக்கு எழுதப்பட்ட உரைகளிலேயே மிக உயர்ந்த வரி அதுதான்.

இங்கே உங்களில் சிலருக்கு ஒரு கேள்வி எழும். எழத்தான் வேண்டும். யாக்கோபுக்குக் கடவுள் வாக்குக் கொடுத்திருக்கிறாரே! 20 வருடத்துக்கு முன் பெத்தேலில், தலையணையாகக் கல்லை வைத்துப் படுத்திருந்தவனிடம், உன்னோடு இருப்பேன், நீ போகிற இடமெல்லாம் காப்பேன் என்று சொன்னாரே! ஊருக்குத் திரும்பிப் போ என்று இப்போது சொல்லி அனுப்பியதும் அவர்தானே! பிறகு என்ன பயம்? பயந்தால் நம்பிக்கை இல்லை என்றுதானே அர்த்தம்?

யூத மரபின் பெருந்தொகுப்பாகிய தல்மூதின் முதல் நூலான பெராக்கோத்தில் இந்தக் கேள்வி அப்படியே கேட்கப்படுகிறது. அதற்கு அங்கே கிடைக்கிற பதில்: இடையில் தான் செய்த பாவம் ஏதேனும் அந்த வாக்கைக் கெடுத்திருக்குமோ என்று அஞ்சினான். அதாவது, அவன் சந்தேகம் கொடுத்தவர் மேல் இல்லை, வாங்கிய தன் மேல்.

நல்ல பதில். ஆனால் அதைவிட என் மனத்தைத் தொட்ட பதில் ஈசாக் அபிராவனேலுடையது. 1437இல் லிஸ்பனில் பிறந்தவர், அரசர்களின் நிதி விவகாரங்களைப் பார்த்தவர், வேதத்துக்குப் பெரிய உரை எழுதியவர். 1483இல் போர்த்துக்கல்லிலிருந்து உயிர் தப்பி ஸ்பெயினுக்கு ஓடினார். 1492இல் ஸ்பெயினிலிருந்து யூதர் அனைவரும் வெளியேற வேண்டும் என்று ஆணை பிறந்தபோது, தம் மக்களோடு கப்பலேறி நேப்பிள்ஸ் போனார். அங்கிருந்தும் ஓட வேண்டி வந்தது. அவர் சொல்வதன் சாரம் இது: போருக்குப் போகிற உண்மையான வீரனுக்கு ஆபத்து தெரியும், சாவை நினைத்து உடம்பு நடுங்கவும் செய்யும், நடுங்கிக்கொண்டேதான் போகிறான். நடுங்காதவன் வீரன் அல்லன், ஆபத்து தெரியாதவன். யாக்கோபின் பயம் உடம்பின் பயம்; அது நம்பிக்கையின் குறைவு அன்று. மூன்று முறை வீடு வாசலை விட்டு ஓடியவர் சொல்கிறார், நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். நம்மிடையே ஒருவர் நோய்ப் படுக்கையில் கிடந்து பயமாக இருக்கிறது என்று சொன்னால், உனக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்கிற நல்லவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். யாக்கோபே பயந்தான். பயந்ததைக் கடவுளிடமே சொன்னான். அவன் வேண்டுதலைப் படித்துப் பாருங்கள். நான் அவனுக்குப் பயப்படுகிறேன் என்று ஒளிக்காமல் சொல்கிறான். பிள்ளைகள் மேல் விழுந்து கிடக்கும் தாயோடு சேர்த்து எங்களை வெட்டிவிடுவானோ என்கிறான். பிள்ளைகள் மேல் தாய் என்கிற அதே சொற்கள் வேதத்தில் இன்னோர் இடத்திலும் உண்டு. கூட்டில் குஞ்சுகளை மூடிக்கொண்டிருக்கும் தாய்ப்பறவையைப் பிடிக்காதே என்று சொல்லும் சட்டத்தில். சிறகை விரித்துக் கிடக்கும் ஒரு பறவையாகத்தான் அன்று இரவு தன் குடும்பம் அவன் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, பயந்தவன் என்ன செய்தான்? முதலில் ஆட்களையும் மந்தைகளையும் இரண்டு பாளையமாகப் பிரித்தான். ஒன்றை ஏசா தாக்கினால் மற்றது தப்பட்டும் என்று கணக்குப் போட்டான். பாதி போகட்டும், பாதி மிஞ்சட்டும் என்பது பயம் போடுகிற கணக்கு. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பொறுப்புள்ள எந்தத் தகப்பனும் போடுவான்.

அடுத்துச் செய்ததைத்தான் நான் கிட்டத்தில் வைத்துக் காட்ட விரும்புகிறேன். அண்ணனுக்குக் காணிக்கை எடுத்து வைக்கிறான். வெள்ளாடு 200, கடா 20. செம்மறி 200, ஆட்டுக்கடா 20. பால் கொடுக்கும் ஒட்டகம் 30, அவற்றின் குட்டிகளோடு. பசு 40, காளை 10. பெண் கழுதை 20, ஆண் கழுதை 10. ஒட்டகக் குட்டிகளை விட்டுவிட்டுக் கூட்டினால் 550 உருப்படி. 550 உருப்படியையும் ஒரே கூட்டமாக ஓட்டிவிட்டானா? இல்லை. மந்தை மந்தையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளை வைத்து, மந்தைக்கும் மந்தைக்கும் நடுவே இடைவெளி விடுங்கள் என்று சொல்கிறான்.

இடைவெளி! எபிரேயத்தில் 'ரேவஹ்'. அந்தச் சொல்லுக்கு வெளி என்றும் பொருள், விடுதலை என்றும் பொருள். எஸ்தர் நூலில் யூதர்களுக்கு வரப்போகும் மீட்பைச் சொல்ல இதே சொல்தான் வருகிறது. நண்பர்களே, ஒன்பது வசனத்துக்கு முன்னால் இவனுக்கு இடம் குறுகிற்று, நெருங்கிற்று என்று பார்த்தோம். அந்த நெருக்கத்தில் கிடப்பவன் வாயிலிருந்து இப்போது இடைவெளி விடுங்கள் என்ற சொல் வருகிறது. யாருக்காக அந்த இடைவெளி? அண்ணனுக்காக. கோபத்தோடு வருகிறவன் முதலில் வெள்ளாடுகளைப் பார்ப்பான். யாருடையது என்பான். உங்கள் அடியான் யாக்கோபுடையது, உங்களுக்கு அனுப்பியது என்பான் மேய்ப்பன். அவன் கொஞ்ச தூரம் நடப்பான். புழுதி அடங்கும். அடுத்த மந்தை வரும். அதே கேள்வி, அதே பதில். மறுபடி கொஞ்ச தூரம். ஒவ்வொரு மந்தைக்கும் நடுவில் ஏசாவுக்கு யோசிக்க ஒரு வெட்டவெளி கிடைக்கிறது. தனக்கு இல்லாத இடத்தை அண்ணனுக்கு உண்டாக்கிக் கொடுக்கிறான் தம்பி. வேலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டிய வாசகத்தை முதல் ஆளுக்கு, இரண்டாம் ஆளுக்கு, மூன்றாம் ஆளுக்கு என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுக்கிறான். பயத்தில் வாய் உலர்ந்தவன் அப்படித்தான் சொன்னதையே சொல்வான்.

பிறகு மனத்துக்குள் ஒன்று சொல்லிக்கொள்கிறான். ஒரே வசனம், அதில் முகம் என்ற சொல் நான்கு முறை வருகிறது. காணிக்கை என் முகத்துக்கு முன் போகட்டும், அவன் முகத்தைச் சாந்தப்படுத்தட்டும், பிறகு அவன் முகத்தைப் பார்க்கிறேன், ஒருவேளை எனக்கு முகம் கொடுப்பான். மூலத்தில் முகத்தை உயர்த்துவான் என்று இருக்கிறது. நம் தமிழில் முகம் கொடுத்துப் பேசுவான் என்கிறோமே, அதுவேதான். அந்த வசனத்தில் இன்னொரு சொல்லையும் கவனியுங்கள். 'ஊலை'. ஒருவேளை! கடவுளின் வாக்குக் கையில் இருக்கிறது. 550 உருப்படி போய்க்கொண்டிருக்கிறது. இருந்தும் அவன் சொல்வது ஒருவேளை என்றுதான். நிச்சயம் நடக்கும் என்று தன்னை ஏமாற்றிக்கொள்ளவும் இல்லை. நடக்கவே நடக்காது என்று அண்ணனைத் தீர்த்துக்கட்டிவிடவும் இல்லை. கண்ணால் காணும்வரை அண்ணன் முகத்தில் இன்னது இருக்கிறது என்று எழுதுவதில்லை என்று அவன் வைத்துக்கொண்டான். அந்த 20 வருடப் பழைய படத்தைச் சுவரிலிருந்து அவன் கழற்றியது இந்த ஒருவேளை என்ற சொல்லால்தான்.

இரவு யாப்போக்கு ஆற்றைக் கடக்கிறார்கள். இன்றைய ஜோர்தான் நாட்டில் ஸர்க்கா என்ற பெயரில் ஓடுகிற ஆறு அது. எல்லோரையும் அக்கரை சேர்த்துவிட்டுத் தனியே நிற்கிறவனை யாரோ ஒருவன் வந்து பிடிக்கிறான். விடியும்வரை மல்யுத்தம். யார் அவன்? மனிதன் என்றுதான் வசனம் சொல்கிறது. பெயர் கேட்டும் சொல்லவில்லை. தூதன் என்று ஓசியா தீர்க்கதரிசி சொல்கிறார். ஏசாவின் காவல் தேவதை என்று ரஷி சொல்கிறார். நான் அந்த விவாதத்துக்குள் போகவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். உன் பெயர் என்ன என்று அவன் கேட்டபோது, யாக்கோபு என்று பதில் வருகிறது. அன்று தகப்பன் கேட்டபோது ஏசா என்றான். இன்று இருட்டில், இடுப்பு பிசகிய வலியில், சொந்தப் பெயரைச் சொல்கிறான்.

விடிந்தது. ஏசா வருகிறான், 400 பேரும் வருகிறார்கள். பயம் போய்விட்டதா? போகவில்லை! யாக்கோபு குடும்பத்தை வரிசைப்படுத்துகிற விதத்தைப் பாருங்கள். வேலைக்காரிகள் பில்காளும் சில்பாளும் அவர்கள் பிள்ளைகளும் முதலில். அடுத்து லேயாளும் பிள்ளைகளும். கடைசியில், ஆபத்துக்கு மிக எட்டத்தில், அன்பு மனைவி ராகேலும் அவள் மகன் யோசேப்பும். இந்த வரிசையை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. முன்னால் நிறுத்தப்பட்ட பிள்ளைகளும் அவன் பிள்ளைகள்தானே? யாரை இழந்தால் தாங்குவேன், யாரை இழந்தால் தாங்கமாட்டேன் என்று பயம் அவனை வாய்விட்டுச் சொல்ல வைத்துவிட்டது. பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யோசேப்பை அண்ணன்மார் பகைத்ததற்கு 37ஆம் அதிகாரம் ஓர் அங்கியைக் காரணம் சொல்கிறது. நான் இந்த வரிசையையும் காரணமாகச் சொல்வேன்.

ஆனால் அந்த வரிசையைச் சொன்ன மூச்சிலேயே இன்னொன்றும் சொல்கிறது வசனம். நேற்று மாலை மேய்ப்பர்களிடம் என்ன சொல்லி அனுப்பினான்? அடியான் எங்களுக்குப் பின்னால் வருகிறார் என்று சொல்லச் சொன்னான். மந்தைகளுக்குப் பின்னால், ஆட்களுக்குப் பின்னால், கடைசி ஆளாக இருக்கத் திட்டம். இன்று காலையில் அவன் எல்லோருக்கும் முன்னால் நடந்து போகிறான். நொண்டிக்கொண்டு நடக்கிறான். ஏழு முறை தரையில் விழுந்து வணங்குகிறான். ஓட முடியாத காலோடு 400 பேரை நோக்கித் தனியாக நடக்கிறான்.

ஏசா ஓடி வருகிறான். கட்டித் தழுவுகிறான். கழுத்தில் விழுந்து முத்தமிடுகிறான். இருவரும் அழுகிறார்கள். உங்கள் முகத்தைப் பார்த்தது கடவுளின் முகத்தைப் பார்த்தது போல் இருக்கிறது என்கிறான் தம்பி. அந்த 400 பேர் எதற்கு வந்தார்கள்? ஆதியாகமம் கடைசிவரை சொல்லவே இல்லை.

எபிரேய வேதத்தின் முதல் ஐந்து நூல்களாகிய தோராவின் சுருளில் இந்த முத்தத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். முத்தமிட்டான் என்ற சொல் ஆறு எழுத்து. ஆறு எழுத்தின் தலையிலும் ஆறு புள்ளிகள். தோரா முழுவதிலும் இப்படிப் புள்ளி வைத்த இடங்கள் 10தான். ஏன் வைத்தார்கள்? முழு மனத்தோடு தந்த முத்தம் அன்று என்று குறிக்கத்தான் என்றார் ஒருவர். முத்தமிட வரவில்லை, கடிக்க வந்தான் என்றார் இன்னொருவர். ஏசாவின் பகை எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் அவன் மனம் இரங்கிற்று, நெஞ்சாரத்தான் முத்தமிட்டான் என்றார் ரப்பி ஷிமோன் பார் யோகாய். மூன்று கருத்தையும் வைத்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக அந்த ஆறு புள்ளிகளையும் விடாமல் எழுதி வருகிறார்கள் எழுத்தர்கள். நான் ரப்பி ஷிமோன் பக்கம் நிற்கிறேன்.

இரண்டு பேரும் அன்றே ஒன்றாகிவிடவில்லை. சேர்ந்து போவோம் வா என்று ஏசா கூப்பிடுகிறான். பிள்ளைகள் சின்னவர்கள், மெல்ல வருகிறேன், சேயீருக்கு வந்து உங்களைப் பார்க்கிறேன் என்கிறான் யாக்கோபு. ஆனால் போனது சுக்கோத்துக்கு. பயத்தின் மிச்சம் அது. இடைவெளி அவனுக்கு இன்னும் வேண்டியிருந்தது.

யூதத் தொழுகைக் கூடங்களில் தோராவை வாரப் பகுதிகளாகப் பிரித்துப் படிக்கிறார்கள். இந்தப் பகுதிக்கு 'வயிஷ்லாஹ்' என்று பெயர். அனுப்பினான் என்று பொருள். யாக்கோபு ஆள் அனுப்புவதில் தொடங்குகிறது. அதே பகுதியில், 35ஆம் அதிகாரத்தின் கடைசியில், ஏசா அன்று குறித்து வைத்த நாள் வந்து சேர்கிறது. ஈசாக்கு 180 வயதில் இறந்துபோகிறார். துக்க வீட்டில் அண்ணனும் இருக்கிறான், தம்பியும் இருக்கிறான். அங்கே யாரும் யாரையும் கொல்லவில்லை. ஏசாவும் யாக்கோபும் சேர்ந்து தங்கள் தகப்பனை அடக்கம் செய்தார்கள்.